மூட்டில் போடும் ஹயலூரானிக் அமில ஊசி, அடிபட்ட தண்டுவடத்துக்கும் உதவுமா?

நொச்சிப்பூ எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 27. 14 மாதங்களுக்கு முன் தென்னை மரத்தில் காய் பறித்துக்கொண்டிருந்தபோது, கால் ஊன்றியிருந்த மட்டை பிய்ந்து கீழே விழுந்துவிட்டான். மார்புப் பகுதியின் 10-ஆவது முள்ளெலும்பு நொறுங்கி, அதற்கு நேரே தண்டுவடம் நசுங்கியது. மறுநாளே அறுவைச் சிகிச்சை செய்து கம்பியும் திருகும் வைத்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் தொப்புளுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. மருத்துவமனையில் கொடுத்த தாளில் 'முழுமையான காயம், ஏஷியா ஏ' என்று எழுதியிருக்கிறார்கள். தண்டுவடக் காயத்தை அளக்கும் அளவுகோலில் மிகக் கடுமையான நிலை அது.

சென்ற மாதம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஹயலூரானிக் அமிலக் கூழ்மத்தோடு (ஜெல்) ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய செல்லைக் கலந்து முதுகில் மூன்று ஊசி போட்டால் நரம்பு மறுபடியும் வளரும் என்றும், வெளிநாட்டு ஆய்வகங்களில் எலிகள் எழுந்து நடந்துவிட்டன என்றும் சொன்னார். கேட்ட தொகை ஐந்து லட்சம். எந்த நிறுவனம் என்பதை நான் இங்கே எழுதவில்லை. அவர் பேசி முடித்த அன்று மாலையே அம்மா தன் இரண்டு வளையல்களையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

எனக்குத் தயக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் முழங்கால் தேய்மானத்துக்கு ஓர் ஊசி போட்டார்கள். அதன் அட்டைப்பெட்டி மருந்து அலமாரியில் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் அதிலும் 'சோடியம் ஹயலூரனேட்' என்றுதான் இருக்கிறது. தங்கை முகத்துக்குப் பூசும் நீர்மத்திலும் அதே பெயர். முழங்காலுக்கும் முகத்துக்கும் போடும் ஒரு பொருள் தண்டுவடத்தில் என்ன செய்யும்? எலிகளில் உண்மையாகவே ஏதேனும் நடந்திருக்கிறதா? நடந்திருந்தால், காயம்பட்டு ஓராண்டு கடந்துவிட்ட என் தம்பிக்கு அதனால் இன்று பயன் உண்டா? வேதியியலை நான் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுவிட்டேன். இருந்தாலும் பொறுமையாகப் படிப்பேன், விரிவாகவே எழுதுங்கள்.


பாகுநிலை எழுதியது:

வணக்கம் சகோதரி. நான் மருத்துவன் அல்லன். உயிர்ப்பொருளியல் ஆய்வகம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக இந்தப் பொருளைக் கையாண்டு வருகிறேன். ஆகவே பொருளைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். தம்பியின் உடல்நிலையைப் பற்றி அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் பேச வேண்டும்.

அட்டைப்பெட்டியில் நீங்கள் படித்த பெயரும் ஆய்வுக் கட்டுரைகளில் வரும் பெயரும் ஒரே மூலக்கூறைத்தான் குறிக்கின்றன. 1934-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் பளிங்கு போன்ற கூழிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடிக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. இரண்டே இரண்டு சர்க்கரைகள், குளுக்குரோனிக் அமிலமும் அசிட்டைல் குளுக்கோசமீனும், மாறி மாறி ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி இது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 15 கிராம் இருக்கும் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கை உடல் ஒவ்வொரு நாளும் அழித்துப் புதிதாக ஆக்கிக்கொள்கிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் உடலுக்கு இது அந்நியப் பொருள் அன்று என்பதால்தான் 1980 வாக்கில் கண்புரை அறுவையிலும், பின்னர் முழங்காலிலும் இதைத் துணிந்து செலுத்த முடிந்தது.

முழங்காலில் இதன் வேலை வழவழப்பைக் கூட்டுவது. மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை முற்றிலும் வேறு. தோலையும் தசைநாணையும் இழுத்துப் பிடித்திருக்கும் கொலாஜன் நார்கள் மூளைத் திசுவுக்குள் மிகக் குறைவு. அங்கே செல்களுக்கு இடையே இருக்கும் வெளி ஏறக்குறைய மொத்தக் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த வெளியில் முதுகெலும்பாக ஓடுவது இந்தச் சர்க்கரைச் சங்கிலிதான். அக்ரிகன், நியூரோகன், பிரெவிகன் போன்ற புரதங்கள் அதில் பற்றிக்கொண்டு ஒரு வலையாக நிற்கின்றன. சப்ஜா விதையை நீரில் போட்டால் விதையைச் சுற்றி வழவழப்பான ஒரு படலம் நீரைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, அதைப்போல நரம்புச்செல்லைச் சுற்றி நீரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சூழல் இது.

அடிபட்டவுடன் அந்தச் சூழல் சிதைகிறது. தண்டுவடம் நசுங்கிய இடத்தில் நீண்ட சங்கிலிகள் துண்டு துண்டாக உடைகின்றன. ஆஸ்ட்ரோசைட் என்னும் துணைச்செல்களின் பெருக்கத்தை நீளமான சங்கிலிகள் கட்டுக்குள் வைத்திருக்கின்றன என்பதையும், அவை சிதைந்தால் அந்தச் செல்கள் பெருகத் தொடங்குகின்றன என்பதையும் 2005-இல் லாரி ஷெர்மன் குழுவினர் காட்டினார்கள். பெருகிய செல்கள் காயத்தைச் சுற்றி வடுவாக அமைகின்றன. மேலிருந்து வரும் நரம்பிழைகள் அந்த வடுவின் முன்னால் நின்றுவிடுகின்றன. வடுவுக்கு நடுவே, நாள் போகப்போக, நீர் நிறைந்த பொந்து உருவாகிறது.

ஆய்வாளர்களின் எண்ணம் எளிமையானது. உடைந்த சூழலின் இடத்தில் நீளமான சங்கிலிகளால் ஆன கூழ்மத்தை வைத்தால், அழற்சி தணியும், வடு மெலியும், இழை நகர ஒரு தளம் கிடைக்கும். 2011-இல் கிறிஸ்டின் ஷ்மிட்டின் ஆய்வகம் எலித் தண்டுவடத்தில் உயர் மூலக்கூறு எடைக் கூழ்மத்தை, அதாவது நீளமான சங்கிலிகளால் ஆன கூழ்மத்தை வைத்தபோது ஆஸ்ட்ரோசைட்டுகளின் கிளர்ச்சி குறைந்தது. டொராண்டோவில் மோலி ஷோய்செட்டும் நரம்பு அறுவை மருத்துவர் சார்லஸ் டேட்டரும் 2006-இல் வெளியிட்ட வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஹயலூரானிக் அமிலத்தோடு மெத்தில் செல்லுலோஸைக் கலந்தார்கள். காய்ச்சிய கடற்பாசி ஆறினால் இறுகும். மெத்தில் செல்லுலோஸ் அதற்கு நேர்மாறாகச் சூடானால் இறுகும். மெல்லிய ஊசியின் வழியே நீர்போல இறங்கி, உடல் சூட்டில் சில நிமிடங்களில் கூழாகி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ஒட்டிய இடத்திலேயே நின்று, தன்னுள் ஏற்றி வைத்த மருந்தைச் சில நாள்களுக்குக் கசியவிட்டு, பிறகு கரைந்து மறையும் கலவை அது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். இந்தக் கூழ்மம் தனியாக நரம்பை வளர்ப்பதில்லை. செல்கள் காலூன்றுவதற்கு வேண்டிய பிடிமானம்கூட வெறும் ஹயலூரானிக் அமிலத்தில் போதுமான அளவு கிடையாது; லாமினின் புரதத்தின் சிறு துண்டுகளையோ வேறு பெப்டைடுகளையோ அதில் கோத்துத்தான் செல்லை ஒட்ட வைக்கிறார்கள். விதையில்லாத வயலை எவ்வளவு பதப்படுத்தினாலும் பயிர் வராது. ஆனால் பதமில்லாத வயலில் விதையும் முளைக்காது. கூழ்மம் அந்தப் பதம் மட்டுமே.

பதம் பிசகினால் என்ன ஆகும் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். தூளாக வரும்போது இது பஞ்சுபோல் வெள்ளையாக இருக்கும். நீரில் கொட்டினால் மேலே ஈரமும் உள்ளே உலர்ந்த தூளுமாகக் கட்டி தட்டிவிடும். குளிர்ச்சியில் வைத்து இரவு முழுதும் மெதுவாகச் சுழற்றினால்தான் கரையும். கரைந்ததைக் கண்ணாடிக் கோலால் தொட்டுத் தூக்கினால் முழ நீளத்துக்கு நூலாக வரும். அழுத்தக் கொப்பரையில் வைத்துக் கிருமி நீக்கினாலோ சங்கிலிகள் வெட்டுப்பட்டு, நேற்று நூலாக வந்தது இன்று நீராக ஒழுகும். பெயரும் எடையும் மாறவில்லை. செய்யும் வேலை மாறிவிட்டது. வன்மையும் அப்படித்தான். 2010-இல் ஸ்டெஃபனி சீட்லிட்ஸ் செய்த சோதனையில், நரம்பின் முன்னோடிச் செல்களை இளசான கூழ்மத்தில் வைத்தபோது அவற்றில் பல நரம்புச்செல்களாக உருமாறின. சற்றே இறுகிய கூழ்மத்தில் வைத்தபோது பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட்டுகளாக மாறின. இளநீர் வழுக்கைக்கும் முற்றிய தேங்காய்க்கும் உள்ள வேறுபாடுகூட அல்ல, வழுக்கையிலேயே இரண்டு நாள் முந்தியதற்கும் பிந்தியதற்கும் உள்ள வேறுபாடுதான் அது. இன்னொன்று வீக்கம். இந்தக் கூழ்மம் நீரை இழுத்து உப்பும். எலும்புக் குழலுக்குள் இடமில்லாமல் கிடக்கும் தண்டுவடத்தில், உப்பும் பொருளை அளவு தெரியாமல் வைப்பது புதிய நசுக்கலையே உண்டாக்கும்.

ஆகவே ஒருவர் 'ஹயலூரானிக் அமிலம் கலந்தது' என்று மட்டும் சொன்னால் அவர் எதையும் சொல்லவில்லை என்று பொருள். சங்கிலியின் நீளம் என்ன, எதைக்கொண்டு சங்கிலிகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்தார்கள், எவ்வளவு மென்மை, எவ்வளவு உப்பும், எத்தனை நாளில் கரையும், தண்டுவடத்துக்குள் வைக்கிறார்களா உறைக்கு வெளியிலா என்பவை தெரிந்தாக வேண்டும். பிணைப்பு இல்லாத கரைசலை முதுகுத் தசையில் போட்டால், நிணநீர் அதைச் சில நாள்களில் வாரிக்கொண்டு போய்விடும். தண்டுவடத்தை அது தொடவே தொடாது.

எலிகளைப் பற்றி ஒரு சொல். தண்டுவடம் நசுங்கிய எலி, அறுந்துபோகாமல் மிஞ்சிய இழைகளைக்கொண்டு, எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சில வாரங்களில் ஓரளவு எழுந்து நடக்கும். அதனால் எலி நடந்தது என்பது செய்தி அன்று; சிகிச்சை பெறாத எலியைவிட எவ்வளவு கூடுதலாக நடந்தது என்பதுதான் செய்தி. அந்தக் கூடுதல் பெரும்பாலான ஆய்வுகளில் சிறிது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில் கூழ்மம் அடிபட்ட அன்றோ, ஓரிரு வாரங்களுக்குள்ளோ வைக்கப்பட்டது. 14 மாதம் கழித்து, வடு இறுகி, பொந்து நிலைத்துவிட்ட மனிதத் தண்டுவடம் வேறொரு நிலம். எலியின் தண்டுவடம் சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். நம்முடையது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கடக்க வேண்டிய தொலைவும் அதற்கேற்ப நீள்கிறது.


பனைநிழல் எழுதியது:

பாகுநிலை அவர்கள் மிகவும் தெளிவாக எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால் ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் ஒன்பது ஆண்டுகளாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோடு வாழ்கிறேன். நரம்பிழையைச் சுற்றியிருக்கும் மைலின் உறை உரிந்துபோகும் நோய் இது. இதில் உரிந்த இடங்களில் ஹயலூரானிக் அமிலம் குறைவதில்லை, குவிகிறது. நீங்கள் குறிப்பிட்ட அதே லாரி ஷெர்மனும் ஸ்டீபன் பேக்கும் 2005-இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்ட ஆய்வு, உயர் மூலக்கூறு எடையுள்ள இந்தச் சங்கிலிகள் நோயுற்ற இடத்தில் தேங்கி, மைலினை மறுபடி சுற்ற வேண்டிய ஒலிகோடென்ட்ரோசைட் முன்னோடிகளை முதிரவிடாமல் தடுக்கின்றன என்று சொல்கிறது. செல்கள் அங்கே வந்து சேர்ந்துவிடுகின்றன, காத்திருக்கின்றன, வேலையைத் தொடங்குவதில்லை. என் படங்களை மருத்துவர் திரையில் காட்டும்போதெல்லாம் அந்த வெள்ளைப் புள்ளிகளில் காத்துக்கொண்டிருக்கும் செல்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நீளமான சங்கிலி நல்லது, உடைந்த துண்டு கெட்டது என்று உங்கள் பதிவைப் படிப்பவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடும். என் நோயில் அந்த நீளமான சங்கிலியே தடையாக நிற்கிறது. அப்படியிருக்க, நரம்பு மண்டலத்துக்குள் இதைக் கூடுதலாகக் கொண்டுபோய் வைப்பது எப்படிச் சரியாகும்?


பாகுநிலை எழுதியது:

நீங்கள் சொல்வது சரி. என் பதிவில் அந்தப் பாதி விடுபட்டுவிட்டது. விடுபட்டதைச் சேர்த்தால் செய்தி இன்னும் சிக்கலாகிறது. நீங்கள் குறிப்பிட்ட குழுவே 2013-இல் மேலும் ஒன்றைக் கண்டது. அந்தச் செல்கள் முதிராமல் நிற்பதற்குக் காரணம் நீளமான சங்கிலியின் இருப்பு மட்டும் அன்று, பி.எச்.20 என்னும் நொதி அதை வெட்டும்போது உண்டாகும் குறிப்பிட்ட அளவுள்ள துண்டுகள்தான் தடையைப் போடுகின்றன என்றார்கள். அப்படியானால் நோயுற்ற இடத்தில் செய்ய வேண்டியது பொருளைச் சேர்ப்பதன்று, வெட்டும் நொதியைத் தடுப்பது. அந்தத் திசையில் இப்போது வேலை நடக்கிறது. உங்கள் நோய்க்கு ஹயலூரானிக் அமிலக் கூழ்மம் ஏற்றது என்று சொல்ல என்னிடம் எந்த அடிப்படையும் இல்லை.

வளர்ந்த மூளையில் சில நரம்புச்செல்களைச் சுற்றி இதே சங்கிலியை முதுகாகக் கொண்ட இறுக்கமான வலை ஒன்று உண்டு. இத்தாலிய ஆய்வாளர் கமில்லோ கொல்கி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை வரைந்து காட்டினார். இளமையில் இல்லாத அந்த வலை, கற்ற இணைப்புகள் நிலைக்க வேண்டிய பருவத்தில் இறுகுகிறது. 2002-இல் பித்சொருசோவும் உடன் பணியாற்றியவர்களும் காண்ட்ராய்டின் சர்க்கரைகளை வெட்டும் காண்ட்ராய்டினேஸ் நொதியால் அதைத் தளர்த்தியபோது, வளர்ந்த எலியின் பார்வைப் புறணிக்கு (பார்வையைக் கையாளும் மூளைப் பகுதி) இளமையின் நெகிழ்ச்சி திரும்பியது. அதே ஆண்டு எலிசபெத் பிராட்பரி, அடிபட்ட எலித் தண்டுவடத்தில் அதே நொதியைச் செலுத்தி, நரம்பிழைகள் மீண்டும் வளர்வதையும் நடை தேறுவதையும் காட்டினார். ஆக, ஓரிடத்தில் இந்த வலையைக் கரைப்பதும் இன்னோரிடத்தில் இதே பொருளால் கூழ்மம் வைப்பதும் இரண்டுமே சிகிச்சை முயற்சிகளாக நடக்கின்றன. இதில் முரண்பாடு இல்லை என்று நான் நினைக்கிறேன். வலையில் தடை போடுவது பெரும்பாலும் அதில் பற்றியிருக்கும் சல்பேட் ஏறிய காண்ட்ராய்டின் சர்க்கரைகள். ஆய்வகத்தில் செய்யும் கூழ்மத்தில் அவை கிடையாது.

கூழ்மம் வைப்பதற்கு மிகப் பொருத்தமான இடம் எது என்று கேட்டால், தண்டுவடத்தைவிடப் பக்கவாதத்துக்குப் பின் மூளையில் உண்டாகும் பொந்தைத்தான் நான் சொல்வேன். இரத்தக்குழாய் அடைபட்டு இறந்த திசு நீங்கியதும் அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. அதற்குள் கூழ்மத்தை நிரப்பினால் சுற்றியுள்ள உயிருள்ள திசுவை நசுக்க வேண்டியதில்லை. பொந்தை ஒட்டிய ஓரப்பகுதிதான் மீண்டும் இணைப்புகளை உண்டாக்க முயலும் பகுதியாகவும் இருக்கிறது. தத்தியானா செகுராவும் தாமஸ் கார்மைக்கேலும் தங்கள் குழுவோடு 2018-இல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் எழுதிய ஆய்வில், சுண்டெலிகளுக்குப் பக்கவாதம் உண்டாக்கி ஐந்து நாள்கள் கழித்து அந்தப் பொந்தில் ஹயலூரானிக் அமிலக் கூழ்மத்தை நிரப்பினார்கள். கூழ்மத்துக்குள் ஹெப்பாரின் நுண்துகள்களில் ஏற்றிய விஇஜிஎஃப் என்னும் இரத்தக்குழாய் வளர்க்கும் காரணி இருந்தது. அதே காரணியைத் தனியாகச் செலுத்தினால் கசியும் குழாய்கள் உண்டாகி மூளை வீங்கும். துகள்களில் செறிவாகப் பிடித்து வைத்தபோது குழாய்கள் முறையாக வளர்ந்து பொந்துக்குள் நுழைந்தன, அவற்றைத் தொடர்ந்து நரம்பிழைகளும் நுழைந்தன. முதன்முதலில் அந்தப் படங்களைப் பார்த்தபோது, வெறுமையாக இருந்த கருப்பு வட்டத்துக்குள் பச்சையும் சிவப்புமாக இழைகள் இறங்கியிருந்ததை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுண்டெலியின் மூளை. மனித மூளையிலோ தண்டுவடத்திலோ நரம்பை மீட்கும் சிகிச்சையாக எந்த ஹயலூரானிக் அமிலக் கூழ்மமும் இன்றுவரை வழக்கமான மருத்துவத்துக்கு வரவில்லை. இதை நொச்சிப்பூ அவர்கள் தயவுசெய்து அம்மாவிடம் சொல்ல வேண்டும்.


கைத்தாங்கல் எழுதியது:

தண்டுவடக் காயம்பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் இயன்முறை மருத்துவராக 16 ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். மரத்திலிருந்து விழுந்தவர்களை எங்கள் பிரிவில் ஆண்டு முழுதும் பார்க்கிறோம். உங்கள் தம்பியைப் போன்ற இளைஞர்களே அதிகம். அறிவியலைப் பற்றி மேலே எழுதியவர்கள் போதுமான அளவு சொல்லிவிட்டார்கள். பணத்தையும் அதைவிட மேலான ஒன்றையும் பற்றி நான் சொல்ல வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட ஸ்டெம் செல் வழிகாட்டு நெறிகளின்படி, இரத்தம் சார்ந்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர, வேறு எந்த நோய்க்கும் ஸ்டெம் செல்லை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. முறையான அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே கொடுக்கலாம். அந்த ஆய்வில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்கென்று பணம் வாங்கக் கூடாது. மனிதர்கள்மேல் சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வுகள் 2009 ஜூன் முதல் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டாக வேண்டும். பதிவு எண் 'சி.டி.ஆர்.ஐ.' என்னும் எழுத்துகளில் தொடங்கி, ஆண்டு, மாதம், வரிசை எண் என்று போகும். தொலைபேசியில் அழைத்தவரிடம் அந்த எண்ணையும், ஒப்புதல் கொடுத்த நெறிமுறைக் குழுவின் கடிதத்தையும் கேளுங்கள். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

பணத்தைவிட மேலானது என்று நான் சொன்னது இதைத்தான். நாளை உண்மையான, ஒழுங்கான ஓர் ஆய்வு தொடங்கும்போது, சேர விரும்புவோரிடம் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, இதற்கு முன் தண்டுவடத்தில் ஸ்டெம் செல்லோ வேறு எதுவுமோ செலுத்தியிருக்கிறார்களா என்பது. ஆம் என்றால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். உள்ளே ஏற்கெனவே என்ன போயிருக்கிறது என்று தெரியாத உடலில் புதிய மருந்தின் விளைவை அளக்க முடியாது. எங்களிடம் வந்த ஓர் இளைஞர் இரண்டு இடங்களில் இப்படி ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எந்த இடத்திலும் என்ன செலுத்தினார்கள் என்ற தாளே கொடுக்கவில்லை. விற்ற நிலத்தைவிட, இனிமேல் எந்த ஆய்வுக்கும் தன் பெயரைக் கொடுக்க முடியாது என்பதை அறிந்தபோதுதான் அவர் அழுதார்.

தம்பியின் தண்டுவடத்துக்கு நாளை ஒரு கூழ்மம் வருமானால், அதை ஏற்கத்தக்க உடலாக அவர் உடல் இருக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டுவிட்டாலோ, புட்டத்தில் எலும்பு தெரியும் அளவுக்குப் படுக்கைப்புண் வந்துவிட்டாலோ, கணுக்காலும் முழங்காலும் மடங்கி இறுகிவிட்டாலோ, நரம்பு வளர்ந்தும் பயனிருக்காது. படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறீர்களா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது கைகளை ஊன்றி உடலை அவ்வப்போது தூக்கி இறக்குகிறாரா? நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாய் போட்டுச் சிறுநீரை எடுக்கக் கற்றுக்கொண்டாரா? ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுத்தீர்களா? குளிக்க வைத்தபின் ஒரு கண்ணாடியைப் பிடித்து வால் எலும்புப் பகுதியையும் குதிகாலையும் நாள்தோறும் அவரே பார்க்கப் பழக்குங்கள். சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காத இடம் தெரிந்தால் அன்றைக்கு அந்த இடத்தில் எடை படவே கூடாது.

10-ஆவது மார்பு மட்டத்துக் காயத்தில் இரண்டு கைகளும் முழு வலுவோடு இருக்கின்றன. அது பெரிய முதல். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையத்தை 1966-இல் பாகாயத்தில் தொடங்கிய மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நடந்த வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். ஐந்து லட்சத்தில் ஒரு பகுதியைக்கொண்டு நல்ல மறுவாழ்வு நிலையம் ஒன்றில் தம்பியைச் சில வாரங்கள் தங்க வையுங்கள். உடல் அளவுக்குச் செய்த நாற்காலியும் நல்ல மெத்தையும் வாங்குங்கள்.


நொச்சிப்பூ எழுதியது:

மூவருக்கும் நன்றி. பாகுநிலை ஐயாவின் பதிவை அச்செடுத்து இரண்டு இரவுகளாகப் படித்தேன். சப்ஜா விதை வரும் பத்தியை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

நேற்று அந்த மனிதரை நானே அழைத்தேன். சங்கிலியின் மூலக்கூறு எடை என்ன, தண்டுவட உறைக்குள் போடுகிறீர்களா வெளியிலா, பதிவு எண் என்ன என்று மூன்றையும் கேட்டேன். முதல் கேள்விக்கு 'உயர்தரமானது' என்றார். இரண்டாவதற்கு 'முதுகில்' என்றார். மூன்றாவதற்கு 'இது ஆய்வு அல்ல, சிகிச்சை. பதிவு தேவையில்லை' என்று சொல்லிவிட்டு, இந்த மாதத்துக்குள் வந்தால் கட்டணத்தில் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. 'எதுவுமே செய்யாமல் இருக்கிறோமே' என்று இன்று காலையும் சொன்னார்.

கைத்தாங்கல் அவர்கள் கேட்டவற்றில், திருப்பிப் படுக்க வைப்பதைச் செய்கிறோம். சிறுநீருக்கு இன்னும் நிரந்தரக் குழாய்தான் இருக்கிறது; மாற்றிக் கற்றுக்கொள்ளலாம் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சிறுநீரக ஸ்கேன் இதுவரை எடுத்ததில்லை. தம்பியிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். இடது குதிகாலில் எட்டணாக் காசு அளவுக்குச் சிவந்த இடம் ஒன்று இருப்பதை அவனே கண்டுபிடித்தான். அழுத்தினால் வெளுக்கிறது.


கைத்தாங்கல் எழுதியது:

வெளுக்கிறது என்றால் இன்னும் காலம் இருக்கிறது. கெண்டைக்காலின் கீழே மடித்த துணியை நீளவாக்கில் வைத்து, குதிகால் படுக்கையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். குதிகாலுக்கே வளையம்போல் துணி கட்டி வைக்க வேண்டாம், அது சுற்றிலும் இரத்த ஓட்டத்தை நிறுத்தும். அந்த இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம். நாளைக் காலையும் மாலையும் மறுபடி பாருங்கள். நிறம் கருத்தாலோ தோல் கொப்பளித்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நிரந்தரக் குழாயை மாற்றுவது பற்றிச் சிறுநீரக மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். போகும்போது ஸ்கேனுக்கும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தம்பிக்குக் கைகள் நன்றாக இருப்பதால் குழாயைத் தானே போட்டுக்கொள்ள அவரால் கற்க முடியும். எங்களிடம் வருபவர்களில் பலர் சில நாள்களிலேயே கற்றுவிடுகிறார்கள்.


பாகுநிலை எழுதியது:

அம்மாவுக்கு என் சார்பில் ஒன்றைச் சொல்லுங்கள் சகோதரி. நாள்பட்ட தண்டுவடக் காயத்துக்கான பதிவு பெற்ற ஆய்வு எதுவும் நம் நாட்டில் சேர்க்கைக்குத் திறந்திருக்கிறதா என்று நான் மாதம் ஒருமுறை பதிவேட்டில் தேடி, இந்த இழையிலேயே எழுதுகிறேன். கூழ்மம் சார்ந்ததாக இருந்தால், நீங்கள் அவரிடம் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் அவர்களுடைய ஆவணத்தில் என்ன விடை இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுவேன்.